புதுப்பிப்பு: பானாசோனிக் யுபி420-ஆ, யுபி820-ஆ? முடிவு எடுத்தாச்சு

போன மாதம் இந்த இரண்டு 4கே ப்ளூ-ரே பிளேயர்களில் எதை வாங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. யுபி820 வாங்கிவிட்டேன்.

முடிவுக்கு உதவியது, "முதலில் உங்கள் டிவி எந்த எச்டிஆரைக் காட்டும் என்று பாருங்கள்" என்ற யோசனைதான். (எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் பட முறை; அதில் பல வகை உண்டு.) என் டிவியில் டால்பி விஷன் என்ற வகை உண்டு. யுபி420-இல் எச்டிஆர்10+ என்ற இன்னொரு வகை வரும், டால்பி விஷன் வராது; 820-இல் இரண்டும் வரும். டிவியில் டால்பி விஷன் இல்லாதவர்களுக்கு 420 தாராளமாகப் போதும்.

என் பழைய ஆம்ப் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) 4கே சிக்னலைக் கடத்தாது. அதற்குச் சொன்ன வழியும் பலித்தது: பிளேயரின் ஒரு எச்டிஎம்ஐ டிவிக்கு, ஒலிக்கான இன்னொன்று ஆம்ப்புக்கு.

எதிர்பாராதது இரண்டு. முதல் டிஸ்க்கைப் போட்டதும் டிவியின் மூலையில் வெறும் எச்டிஆர் என்றுதான் வந்தது. வயரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் பார்த்தால் பிளேயரின் எச்டிஎம்ஐ அமைப்பில் டால்பி விஷன் அணைந்திருந்தது! டிவியிலும் அந்த போர்ட்டை மேம்பட்ட சிக்னலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் படம் அவ்வளவு அழகு. இருட்டுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்புகூடத் தனியாகத் தெரிகிறது.

இரண்டாவது, ஆம்ப்பில் ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத ஒலிக்குப் பதில் சாதாரண டால்பி டிஜிட்டல் வந்தது. பிளேயரின் ஒலி அமைப்பில் 'செகண்டரி ஆடியோ'வை (கூடுதல் ஒலிகளைக் கலப்பது) அணைத்து, பிட்ஸ்ட்ரீம் (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) தேர்ந்ததும் சரியாகிவிட்டது. அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) டிஸ்க்கும் இந்தப் பழைய ஆம்ப்பில் ட்ரூஎச்டியாக ஒலிக்கிறது.