ஹீமோபிலியா பையன்: குடும்ப பாதிப்பு ஃபாரத்தில் யார் பதிலை எழுதுவது?

கோத்தகிரி_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஏழு வயது, ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ, தீவிர வகை, ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் 8 என்ற புரதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வாரத்துக்கு மூன்று தடவை அந்த ஃபேக்டரை நரம்பில் ஊசியாகப் போடுவதால் ரத்தக்கசிவு நன்றாகவே குறைந்திருக்கிறது, டாக்டரும் நோட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நல்லா இருக்கான் என்கிறார். சந்தோஷம்தான். போன தடவை ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பிள்ளையின் நோயால் கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் களைப்பாக இருந்தீர்களா, வீட்டில் மனஸ்தாபம் வந்ததா என்று வரிசையாகக் கேள்விகள், 'இல்லவே இல்லை' முதல் 'கிட்டத்தட்ட எப்போதும்' வரை டிக் பண்ண வேண்டும்.

என் வீட்டுக்காரர் பெரும்பாலும் 'இல்லவே இல்லை' போட்டார், நான் அதே கேள்விகளுக்கு 'அடிக்கடி' போட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, விடியும் முன் ஃபேக்டரிக்குப் போய் இருட்டி வருகிறவர். ஊசி நாளில் காலையில் குளிரில் பையன் கை விறைத்து நரம்பே கிடைக்காமல், வெந்நீரில் கையை முக்கி வைத்து, தேய்த்து, போட்டு முடித்து, அப்புறம் பள்ளிக்கூட ஜீப்பைப் பிடிப்பது நான். இங்கே நாள் முழுக்க ஸ்வெட்டரும் கம்பளி சாக்ஸும்தானே, அடிபட்டுக் கன்றியிருந்தாலும் வெளியே தெரியாது. சாயங்காலம் வந்ததும் அடுப்பு பக்கத்தில் நிறுத்தி, துணியை விலக்கி, முட்டி, கணுக்கால், முழங்கை என்று ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன், உள்ளே ரத்தம் கசிந்து எங்காவது சூடு ஏறியிருக்கிறதா என்று. இது எதுவும் அந்தத் தாளில் இல்லை. இந்த மாதம் அமைதியாகப் போய்விட்டது, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் குஞ்சப்பனை பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்தால் எனக்குத் தூக்கமே கிடையாது, ஃபிரிட்ஜில் எத்தனை ஃபேக்டர் பாட்டில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பேன்.

யார் பதிலைக் கொடுப்பது? இரண்டையும் சேர்த்து நடுவாக ஒன்று எழுதிவிடலாமா?

குன்னூர்_பிசியோ:
நடுவாக எழுதாதீர்கள் அக்கா. அப்படி எழுதினால் அண்ணன் நிலைமையும் தெரியாது, உங்கள் நிலைமையும் தெரியாது. ஆளுக்கு ஒரு தாள், மேலே அம்மா, அப்பா என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவையும் அவரவர் தாளை அவரவரே நிரப்ப வேண்டும், ஆள் மாறினால் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடவே முடியாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்ஸ்க்யூஎல் குடும்ப பாதிப்புப் படிவம் மாதிரி தெரிகிறது. 36 கேள்வி, மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாள்பட்ட நோய் எதுவானாலும் அதே தாள்தான், அதனால்தான் ஊசி, மூட்டு, ரோடு எதுவும் அதில் வராது. ஹீமோபிலியா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்றே ஹீமோகேப் என்று தனிப் படிவம் இருக்கிறது, பிள்ளைகளிடமே கேட்பதற்கு ஹீமோ-க்யூஓஎல் இருக்கிறது. அவை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதக் கணக்கு என்பதும் பெரிய குறைதான், மழைமானியை மாசி பங்குனியில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நீலகிரியில் மழையே இல்லை என்று சொல்வது போல. மழைக்காலத்தில் இன்னொரு தடவை நிரப்பித் தரட்டுமா என்று நீங்களே கேளுங்கள். இப்போதைக்குத் தாளின் பின்பக்கம் ரோடு விஷயத்தை எழுதிவிடுங்கள்.

பழைய_லவ்டேல்:
அளந்து என்ன ஆகப் போகிறது? இந்தத் தாளுக்குச் செலவழிக்கிற நேரத்தில் எமிசிஸுமாப் மருந்தைக் கேளுங்கள், ஹீமோபிலியா ஏ-க்கு வந்துவிட்டதே.

குன்னூர்_பிசியோ:
கேட்கத்தான் வேண்டும், கேட்பதற்கே இந்தத் தாள் உதவும். எமிசிஸுமாப் தோலுக்கு அடியில் போடுகிற ஊசி, நரம்பு தேட வேண்டாம், வாரம் ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ நான்கு வாரத்துக்கு ஒன்றோ போடலாம். (பெரிய அடி பட்டால் அப்போதும் ஃபேக்டர் தேவைப்படும், கைவசம் இருக்கட்டும்.) ஆனால் இந்தப் பையனுக்கு ஏற்கெனவே கசிவு குறைவு. கசிவை மட்டும் எண்ணினால் மருந்தை மாற்ற என்ன காரணம் இருக்கிறது என்பார்கள். காலையில் வெந்நீரோடு நிற்கிற அந்த அம்மாவின் சுமை குறையும் என்பது இந்த மாதிரித் தாளில் மட்டும்தான் பதிவாகும்.

கூடலூர்_அப்பா:
நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஃபேக்டர் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், உண்மை, பெரிய உதவி. அங்கே போய் வர ஆகிற செலவு இலவசம் இல்லையே. ராத்திரி ஜீப் வாடகை, எங்கள் இருவரில் யாருக்குக் கூலி போனது, சின்னவளை யார் வீட்டில் விட்டோம், பையனுக்கு எத்தனை நாள் பள்ளி போனது, எல்லாம் தேதி போட்டு இருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியா இருக்கிறது, ஆனால் சான்றிதழுக்குப் பார்ப்பது பிள்ளையின் உடம்பை, வீட்டை அல்ல. வீட்டுக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் இரண்டே பாட்டில் தந்து அனுப்பப் பார்த்தார்கள், நான் நோட்டைக் காட்டி, ரோடு அடைத்தால் நாங்கள் இருக்கிற இடம் இதுதான் என்று சொன்ன பிறகு கூடுதலாகக் கொடுத்தார்கள். வாயால் சொன்னால் புலம்பல் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஊட்டி_தங்கச்சி:
என் அண்ணனுக்கு ஹீமோபிலியா. எங்கள் வீட்டில் என்னை யாருமே எதுவும் கேட்டதில்லை. அவன் முட்டி வீங்கினால் அம்மா அவனோடு கோயம்புத்தூர் போய்விடுவார்கள், நான் பெரியம்மா வீட்டில். கோபம் இல்லை, ஆனால் அதுவும் கணக்குதானே? பெண் பிள்ளை இருந்தால் அவளிடமும் கேளுங்கள் அக்கா. அவளும் கேரியராக, அதாவது நோய்க்கான மரபணுவைச் சுமப்பவளாக இருக்கலாம், கேரியர் பெண்கள் சிலருக்கே ஃபேக்டர் அளவு குறைந்து மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும், பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். இன்னொன்று, 'உன் வழியாகத்தான் வந்தது' என்று சொந்தக்காரர்கள் அம்மாவைக் குத்திக்காட்டுவது. ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இருந்திருக்காது, புதிதாகத்தான் வரும், இருந்தாலும் அதில் அம்மா செய்த தப்பு என்ன? எங்கள் அம்மா அதை இத்தனை வருஷம் சுமந்தார்கள், எந்தத் தாளிலும் எழுதவில்லை.

கோத்தகிரி_அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு தாளாகவே கொடுக்கிறோம், பின்பக்கம் மழைக்கால விஷயம் எழுதியாயிற்று. என் பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, நேற்று ராத்திரி அவளிடம் கேட்டேன், பள்ளியில் தம்பியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் இன்டர்வெல்லில் அவள் விளையாடப் போவதே இல்லையாம், எனக்கு இது தெரியவே தெரியாது. அதையும் எழுதிவிட்டேன், அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கப் போகிறேன். கூடலூர் அண்ணா, உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தை, பெயர் தெரியாமல், போட்டோ எடுத்துப் போட முடியுமா? அதே மாதிரி கோடு போட்டுக்கொள்கிறேன்.