கலைச்சொல்: கட்டு வேறு, பொதி வேறு

வணக்கம்.

பசுந்தீவனத்தை நறுக்கிக் கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிப் புளிக்கவைத்துச் சேமிக்கிற ‘சைலேஜ் பேல் ரேப்பிங்’ என்பதற்குத் தமிழ் கேட்டுப் போன வாரம் நான் எழுதிய மடலுக்குப் பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. தீவன உருளை, பசுந்தீவனச் சிப்பம், உறையிட்ட ஊறுகாய்ப்புல், நெகிழிப்பொதிவுத் தீவனம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஒருவர், ‘பேல் என்றே விட்டுவிடலாமே, எதற்கு இந்த வம்பு’ என்றும் கேட்டிருக்கிறார். அவருக்குத்தான் முதல் பதில். அகராதி ஆசையில் நான் கேட்கவில்லை. என்னுடைய மொழிபெயர்ப்பால் என் சித்தப்பாவுக்கு 22 கட்டு மக்காச்சோளம் வீணாய்ப் போனது.

நடந்தது இதுதான். செல்லம்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்குக் கிணற்றுப் பாசனம், ஆறு கறவை மாடுகள். பங்குனி, சித்திரையில் பச்சைக்குத் திண்டாட்டம் என்பதால் தை மாதம் மக்காச்சோளத்தைத் தட்டையோடு நறுக்கிக் கட்டி வைக்க ஏற்பாடு செய்தார். பயிரைச் சரியான பருவத்தில்தான் வெட்டினார்கள்: கதிரில் பால் வற்றி மாவு கட்டுகிற நேரம். நறுக்கியதில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பார்த்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டவில்லை, பொலபொலவென உதிரவும் இல்லை. உருண்டை மெதுவாக விரிந்தது. ஈரம் சரி.

வாடகைக்கு வந்த மெஷின் அதை அமுக்கி, வலை சுற்றி, ஆளுக்கு ஒன்று தூக்கிப் போகிற அளவில் கட்டுகளாகத் தள்ளியது. பிளாஸ்டிக் தாள் சுற்றுகிற மெஷின் தனி. அதற்குள் இருட்டிவிட்டது. நான் தமிழாக்கிக் கொடுத்த குறிப்புத்தாளைப் பார்த்தார்கள். ‘கட்டுகளை வெட்ட வெளியில் அடுக்கி வைக்கலாம்’ என்று அதில் தெளிவாக இருந்தது. அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூலத்தில் அந்த வரி தாள் சுற்றி முடித்த பேலைப் பற்றியது. நான் சுற்றாததையும் கட்டு என்றேன், சுற்றியதையும் கட்டு என்றேன். மறுநாள் காலையில் கட்டுக்குள் கையை விட்டால் சுடுகிறது. அதற்கு மேல் தாள் சுற்றியும் பயனில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்தபோது உள்ளே பாதி வெள்ளைப் பூசணம். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நீ எழுதினதுதானப்பா, அதப் பாத்துத்தான அடுக்குனோம்” என்றார் சித்தப்பா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எல்லாம் காற்றில் இருக்கிறது. நறுக்கிய பயிர் உடனே செத்துப்போவதில்லை. இடுக்கில் காற்று இருக்கும்வரை மூச்சுவிட்டுத் தன் சர்க்கரையைத் தானே தின்று சூடேறும், பூசணமும் கூடச் சேர்ந்துகொள்ளும். காற்றை அடைத்துவிட்டால் லாக்டிக் அமில பாக்டீரியா அந்தச் சர்க்கரையைப் புளிப்பாக்கும். புளிப்பு ஏறி, அமிலத்தன்மையைக் காட்டுகிற பி.எச். அளவு 4-க்குப் பக்கத்தில் இறங்கியபின், காற்றும் புகாமல் இருந்தால், தீவனத்தைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் அண்டாது. ஆகவே கட்டிய சில மணி நேரத்துக்குள் தாள் சுற்றியாக வேண்டும். வலைக்கட்டு ஒரு நிலை, தாள் சுற்றியது இன்னொரு நிலை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது. பேல் என்றே விட்டாலும் இதே குழப்பம் வரும்.

இனி வந்த சொற்கள். உருளை என்றால் எங்கள் ஊரில் முதலில் சமையல் கேஸ்தான் நினைவுக்கு வரும். சதுரக் கட்டு போடுகிற மெஷினும் இருக்கிறது. சிப்பம் நல்ல வியாபாரச் சொல், எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் வெல்லச் சிப்பம், அரிசிச் சிப்பம் என்று அது எடைக்கணக்கோடு ஒட்டிக்கொண்டது. ‘ஒரு சிப்பம் எத்தனை கிலோ?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

ஊறுகாய்ப்புல் வேளாண்மைக் கையேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு அதில் இரண்டு குறை. ஊறுகாய் என்றதும் உப்புதான் காக்கிறது என்று கை உப்புப் பக்கம் போகிறது. இங்கே காப்பது புளிப்பு. அப்புறம் அந்தப் ‘புல்’. மக்காச்சோளம் தாவரவியலில் புல் குடும்பம்தான், மறுக்கவில்லை. சித்தப்பா வாயில் புல் என்றால் புல், தட்டை என்றால் தட்டை. நெகிழிப்பொதிவுத் தீவனத்தை வரப்பில் நின்று ஒருவர் கூவிச் சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதன் நடுவில்தான் எனக்கு வேண்டிய சொல் கிடைத்தது.

பொதி. இலையில் பொதிந்த சோறு, பஞ்சுப்பொதி என்று வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு பொருள் என்கிற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வினையாகவும் நிற்கும்: கட்டைப் பொதி, பொதிந்தாயிற்றா. ஆகவே என் பரிந்துரை: வலையோடு இருக்கும்வரை கட்டு, தாள் சுற்றியபின் பொதி. இப்போது அந்த வரியை எழுதினால் ‘பொதிகளை வெளியில் அடுக்கலாம், கட்டுகளை அடுக்கக் கூடாது’ என்று வரும். யாரும் தவறாகப் படிக்க முடியாது. பொதி மாடு சுமப்பதாயிற்றே என்று ஒருவர் கேட்கக்கூடும். இத்தனை காலம் சுமந்தது, இப்போது தின்னட்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதுவும் என் கைங்கரியம்தான். ‘ஆறு லேயர்’ என்பதை ‘ஆறு சுற்று’ என்று எழுதியிருந்தேன். தாள் 25 மைக்ரான்தான், ஓர் அடுக்கு எதற்கும் காணாது. குறைந்தது நான்கு, தட்டை முரடாக இருந்தால் ஆறு அடுக்கு வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் பாதிக்குப் பாதி ஏறுவதால், கட்டு முழுவதும் ஒருமுறை மூடி முடித்தால் இரண்டு அடுக்கு விழுந்துவிடும். ஆறு சுற்று என்பதைக் கட்டை வைத்துச் சுழற்றுகிற மேடை ஆறு தடவை சுழல்வது என்று எடுத்தால் எங்கள் மெஷினில் கட்டு ஒருமுறைகூட முழுதாக மூடாது. ஆறுமுறை முழுதாக மூடுவது என்று எடுத்தால் பன்னிரண்டு அடுக்கு, தாள்காசு இரட்டிப்பு. மெஷின் ஓட்டுகிற தம்பியிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: “அப்ப மூணு நடண்ணே, ஆறு அடுக்கு.” தண்ணீர் எடுக்கவும் மண் அடிக்கவும் சொல்கிற அதே நடை. முழுமூடல் என்று நான் யோசித்து வைத்திருந்ததை அங்கேயே கைவிட்டேன்.

சைலேஜ் என்ற சொல்லோடு எனக்கு வழக்கு இல்லை. மாட்டுக்காரர்கள் அதைத் தமிழாக்கி நாளாயிற்று. ஆனால் சேமிக்கிற அந்த வேலைக்குச் சித்தப்பா ஒரு சொல் சொன்னார். “இது கரிமூட்டம் மாதிரிடா. சந்து விட்டுச்சுன்னா போச்சு.” கருவேலங்கட்டையை அடுக்கி, கூளம் போட்டு, மண் பூசிக் காற்றை அடைப்பார்களே, அது. அந்தச் சொல்லை எடுத்தால் குழியில் போடுவது குழிமூட்டம், இது பொதிமூட்டம். மூட்டம் என்றால் புகையும் சூடும் கூட வருமே, இங்கே சூடுதானே எதிரி என்று எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது. ஆனால் பொத்தல் விழுந்தால் உடனே ஒட்ட வேண்டும் என்பதை அந்தச் சொல் நான் சொல்லாமலேயே சொல்லிவிடுகிறது. இரண்டாம் தடவை போட்ட பொதிகள் மேல் பக்கத்து வீட்டு வெள்ளாடு ஏறி நின்று குளம்பால் நான்கு ஓட்டை போட்டபோது, “மூட்டம் சந்து விட்ருச்சு, டேப்பக் கொண்டாங்க” என்றுதான் சித்தப்பா கத்தினார். பொத்தல் ஒட்டிய அந்தப் பொதியை நேற்றுப் பிரித்தோம். மஞ்சளோடிய பச்சை, புளித்த மோர் வாடை. ஓட்டைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு மட்டும் பூசணம் இருந்தது, அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போட்டார்.

கட்டு, பொதி, அடுக்கு, நடை நான்கும் திருத்திய தாளில் ஏறிவிட்டன. மூட்டம் மட்டும் பென்சிலில் இருக்கிறது. வியாழக்கிழமை நகலெடுக்கக் கொடுக்கிறேன்; வேண்டாம் என்பவர்கள் அதற்குள் காரணத்தோடு எழுதுங்கள்.