ஷட்டர் கவுண்ட் மட்டும் போதுமா? ரீஃபர்பிஷ்டு கேமரா வாங்கியவர்களின் அனுபவங்கள்

ரீஃபர்பிஷ்டு கேமரா, அதாவது சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய கேமரா என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஷட்டர் கவுண்ட்தான்; ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பாடிதான் (லென்ஸ் இல்லாத கேமரா) இதற்குக் காரணம்.

விற்பவர் கொடுத்த விவரத்தில் "மிகக் குறைந்த பயன்பாடு" என்று இருந்தது. கவுண்ட் பத்தாயிரத்துக்கும் கீழே. முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். ட்ரைபாட் திருகும் ஓட்டையைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல். பிளேட்டை இறுக்கி இறுக்கிக் கழற்றியதில் பெயின்ட் போய் உலோகம் தெரிந்தது. மேலே ஃபிளாஷ், மைக் மாட்டும் ஹாட் ஷூவின் இரண்டு விளிம்பிலும் கறுப்பே இல்லை. ஆனால் கழுத்துப் பட்டி மாட்டும் வளையங்களில் ஒரு கோடுகூடக் கிடையாது. வீடியோ பட்டனின் சிவப்புப் புள்ளி பாதி அழிந்திருந்தது. திருப்பு திரையை மெதுவாகச் சுழற்றினால், ஒரு கோணத்தில் மட்டும் படம் மினுக்கென்று அணைந்து திரும்ப வந்தது.

இவ்வளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த கேமரா எப்படி வாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. யார் கழுத்திலும் அது தொங்கவில்லை. ட்ரைபாட்டில் நின்றபடி, மேலே மைக் மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் வீடியோ எடுத்திருக்கிறது. வீடியோ ஓடும்போது ஷட்டர் திறந்தே கிடக்கும், கவுண்ட் ஏறாது. எனவே அந்த எண் பொய்யில்லை. ஷட்டர் நிஜமாகவே குறைவாகத்தான் உழைத்திருக்கிறது. உழைத்துக் களைத்தது படத்தைப் பதிவு செய்யும் சென்சாரும் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிளும். பல மாடல்களில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும் படங்களும் இந்தக் கணக்கில் சேராது.

கம்பெனிகள் சொல்லும் ஷட்டர் ஆயுளையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேனன் 6டிக்கு 1,00,000, 5டி மார்க் 4க்கு 1,50,000, நிக்கான் டி850க்கு 2,00,000, கேனன் 1டி எக்ஸுக்கு 4,00,000 என்று சொல்கிறார்கள். இவை சோதனைக் கணக்கு. அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அதுவரை ஓடியே தீரும் என்ற உத்தரவாதமும் இல்லை. 40,000 கவுண்ட் என்பது 6டியில் ஒரு மாதிரி, 1டி எக்ஸில் வேறு மாதிரி. எண்ணைக் கேட்டால் மாடலையும் சேர்த்துக் கேளுங்கள்.

எண் ஒன்று சொல்லி, பாடி வேறொன்று சொன்னால் நான் பாடியைத்தான் நம்புவேன். மற்றவர்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

* * *

கவுண்ட் எடுப்பது எப்படி என்று பலருக்குத் தெரிவதில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிக்கான் டிஎஸ்எல்ஆர்கள் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமராக்கள்) ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃபிலும், அதாவது படக் கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் விவரங்களிலும், அந்த எண்ணை எழுதிவிடும். எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரியும். பென்டாக்ஸும் அப்படியே. கேனனில் பெரும்பாலான மாடல்கள் படத்தில் எழுதுவதில்லை. கேபிள் போட்டுக் கணினியில் இணைத்து, அதற்கென்று இருக்கும் மென்பொருளால்தான் படிக்க முடியும்.

படத்தின் கோப்பு எண்ணைக் காட்டி "இவ்வளவுதான் எடுத்திருக்கிறது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். அது 9999 வந்ததும் மறுபடி 0001 ஆகிவிடும். மெனுவில் போய் யார் வேண்டுமானாலும் புதிதாகத் தொடங்கி வைக்கலாம்.

விற்பவரிடம் இப்போது எடுத்த ஒரு படத்தைக் கேளுங்கள். எடிட் செய்யாமல், மெசேஜ் ஆப்பில் போட்டோவாக அனுப்பாமல், கோப்பாக அப்படியே வேண்டும். போட்டோவாக அனுப்பினால் எக்ஸிஃப் விவரம் போய்விடும். எக்ஸிஃபில் சீரியல் நம்பரும் இருக்கும் மாடல் என்றால், அதையும் பாடியின் அடியில் இருக்கும் நம்பரையும் ஒப்பிடுங்கள். எனக்கு ஒருமுறை இரண்டும் ஒத்துப்போகவில்லை. கேட்டபோது, அடிப்பாகம் வேறொரு கேமராவிலிருந்து எடுத்துப் போட்டது என்று ஒத்துக்கொண்டார்.

* * *

சர்வீஸ் டேபிள்ல உக்காந்து வேலை பாக்குற ஆளு நான். முதல்ல எழுதினவர் சொன்ன வளையம் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ரீஃபர்பிஷ் பண்ணும்போது மாத்துறது பெரும்பாலும் கண்ணுல படுறதைத்தான். கிரிப் ரப்பர், ஐகப் (கண் வச்சுப் பாக்குற இடத்து ரப்பர்), அடித் தகடு, சில சமயம் திரைக் கண்ணாடி. பட்டி வளையத்தை யாரும் மாத்த மாட்டாங்க. ரப்பர் புத்தம்புதுசா இருக்கா? உடனே வளையத்தைப் பாருங்க. தேஞ்சு குழி விழுந்திருந்தா ரப்பர் புதுசுங்கிறதுக்கு அர்த்தமே இல்ல.

அடுத்தது ஸ்க்ரூ. நல்ல இடத்துல திறந்திருந்தா ஸ்க்ரூ தலை சுத்தமா இருக்கும். அளவு பொருந்தாத டிரைவரைப் போட்டுத் திருகியிருந்தா நட்சத்திரக் குழியோட ஓரம் சிதைஞ்சு வெள்ளையா மின்னும். அது உடைஞ்ச கேமராங்கிறதுக்கு அடையாளம் இல்ல, ஆனா அவசரத்துல திறந்தவன் உள்ள ரிப்பனை எப்படிச் சொருகியிருப்பான்னு நெனச்சுப் பாருங்க. ஸ்க்ரூ தலையில துரு இருந்தா இன்னும் மோசம். உடனே பேட்டரிக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பேட்டரி தொடுற உலோகப் பின் மேல பச்சையாவோ வெள்ளையாவோ பொடி படிஞ்சிருந்தா தண்ணி போயிருக்கு. உப்புத் தண்ணி போன சர்க்யூட் போர்டை இன்னைக்குக் கழுவி ஓட வச்சுடலாம். அரிப்பு உள்ளயே இருந்து வேலை செய்யும். அந்த மாதிரி பாடி கையில கிடைச்சா, எவ்வளவு கம்மி விலைன்னாலும் திருப்பிக் குடுத்துருங்கன்னுதான் சொல்லுவேன்.

டயலை ஒவ்வொரு கிளிக்கா மெதுவாத் திருப்புங்க. ஒரு கிளிக்குக்கு எண் ரெண்டு தாவுறதோ, பின்னால போறதோ இருந்தா உள்ள இருக்குற காண்டாக்ட் தேஞ்சிருக்கு இல்ல அழுக்கு ஏறியிருக்கு. இது வேலைக்கு ஓடின கேமராவுல சகஜம். சரி பண்ணலாம், ஆனா பிரிச்சாகணும்.

* * *

குறைந்த கவுண்ட் என்றாலே சந்தேகப்பட வேண்டியதில்லை. நான் வாங்கியதில் கவுண்ட் சில நூறுதான், ஆனால் பாடியின் மூலைகளில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிந்தது. விற்ற கடையிலேயே கேட்டேன். ஷட்டர் யூனிட் மாற்றி, கணக்கையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லி சர்வீஸ் சீட்டைக் காட்டினார்கள். அதில் பாகத்தின் பெயர், தேதி, சீரியல் நம்பர் எல்லாம் இருந்தது. தயங்காமல் வாங்கினேன். பழைய உடம்பில் புது ஷட்டர், நன்றாக ஓடுகிறது. கேட்டதும் சீட்டைக் காட்டியதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

நிக்கான் டி600 வாங்குபவர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். 2012இல் வந்த அந்த மாடலில் சென்சாரில் எண்ணெய், தூசுப் புள்ளிகள் விழும் பிரச்சினை பரவலாகப் பேசப்பட்டது. 2013இல் அதற்கு அடுத்த மாடலான டி610 வந்தது. 2014இல் நிக்கானே அறிவிப்பு வெளியிட்டு இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தந்தது. எனவே இன்று சந்தையில் இருக்கும் டி600இல் ஷட்டர் மாற்றியது எது, மாற்றாதது எது என்று விசாரிப்பது நல்லது. மாற்றியது கிடைத்தால் அருமையான கேமரா, இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

* * *

சென்சாரைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான். ஷட்டரை மாற்றலாம், ரப்பரை மாற்றலாம். சென்சார் போனால் பல மாடல்களில் மாற்றுவதைவிட இன்னொரு பாடி வாங்கிவிடலாம்.

முதலில் தூசுச் சோதனை. ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 16 அல்லது 22, மேனுவல் ஃபோகஸ். வெறும் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். கை ஆடினாலும் பரவாயில்லை, ஆடினால் இன்னும் நல்லது: சுவரின் கறை கலைந்துவிடும், சென்சாரின் கறை அதே இடத்தில் நிற்கும். படத்தைக் கணினியில் போட்டு கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, நூறு சதவீதத்தில் மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். மங்கலான சாம்பல் புள்ளி என்றால் தூசு, பெரும்பாலும் ஊதினாலே போய்விடும். நடுவில் வெளிச்சமாக, ஓரம் வட்டமாகத் தெரிந்தால் எண்ணெய்த் துளி. ஈர ஸ்வாப் போட்டுத் துடைக்க வேண்டும். துடைத்தபிறகும் அசையாமல் கோடாக நின்றால் சென்சாருக்கு மேலிருக்கும் கண்ணாடியில் கீறல். யாரோ தெரியாமல் துடைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டில் 30 நொடி. மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டு எடுங்கள்; இல்லாவிட்டால் கேமராவே குறையை மறைத்துவிடும். சிவப்பு, நீலம், பச்சை என்று சில புள்ளிகள் மின்னும். அது எல்லா சென்சாரிலும் உண்டு, பயப்பட வேண்டாம். சாதாரண வேகத்தில் எடுத்த படத்திலும் அதே இடத்தில் மின்னினால்தான் யோசிக்க வேண்டும். ஒலிம்பஸ் போன்றவற்றில் இந்தப் புள்ளிகளை மறைக்கும் பிக்சல் மேப்பிங் என்ற வசதி மெனுவிலேயே இருக்கிறது, அதை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான் மறக்கவே முடியாத ஒன்று: மேடை நிகழ்ச்சிகளுக்கு ஓடிய ஒரு பாடி. வெளியே துளிக் கீறல் இல்லை. வெள்ளைச் சுவர்ப் படத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய ஒரே நேர்க்கோடு, அதன் ஓரிடத்தில் பிரகாசமான புள்ளி. மேடை லேசர் நேராக லென்ஸுக்குள் பாய்ந்து சென்சாரைச் சுட்டிருக்கிறது. எந்தத் துடைப்பிலும் அது போகாது. விற்பவருக்கும் தெரிந்திருக்கவில்லை, படத்தைக் காட்டியதும் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது.

* * *

எல்லோரும் இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? பெயின்ட் போவது கேமராவின் குறையே அல்ல. விளிம்பெல்லாம் தேய்ந்த பாடியைத்தான் நான் தேடி வாங்குவேன், அழகு குறைந்தால் விலையும் இறங்கும். இதுவரை ஒன்றும் ஏமாற்றியதில்லை. திருப்பிக் கொடுக்க அவகாசமும் எழுத்தில் வாரண்டியும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. "ரீஃபர்பிஷ்டு" என்ற சொல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான தர அளவு கிடையாது. தயாரித்த கம்பெனியே சோதித்துப் பாகம் மாற்றித் தருவதும் அதே பெயரில்தான் வருகிறது, துணியால் துடைத்துப் பெட்டியில் போட்டதும் அதே பெயரில்தான் வருகிறது. பெயரைப் பார்க்காமல், யார் பொறுப்பேற்கிறார்கள் என்று பாருங்கள்.

* * *

தேய்மானம் வேறு, அடி வேறு என்பதை மட்டும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த பெயின்ட்டைப் பற்றி எனக்கும் கவலையில்லை. ஆனால் மூலையில் சின்னக் குழி விழுந்திருந்தால், அது கீழே விழுந்த கேமரா. லென்ஸ் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) துளி சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். தட்டையான ஒரு சுவரையோ விரித்து ஒட்டிய செய்தித்தாளையோ நேராக நின்று, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்து, நான்கு மூலையையும் ஒப்பிட்டுவிடுங்கள். குறை தெரிந்தால் வேறு லென்ஸ் போட்டும் ஒருமுறை எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் பாடிதான் காரணம்.

இன்னொன்று, கை ஆட்டத்தை ஈடுகட்ட சென்சாரையே அசைக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடியை அணைத்த நிலையில் ஆட்டினால் பல மாடல்களில் உள்ளே லொடலொடவென்று சத்தம் வரும். சென்சார் மிதக்கும் அமைப்பு அது, உடைந்ததில்லை. நல்ல கேமராவை இதற்காகத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

* * *

சின்ன பாக்கெட் கேமராக்களை இப்போது இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள், அவர்களுக்காக. அவற்றில் ஷட்டர் கவுண்ட் பெரிதாக உதவாது. ஆன் செய்து லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் கேளுங்கள். நறநறவென்று கேட்டால் மணல் புகுந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டதும் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தளர்ந்துவிட்டது; படம் எடுக்கத் தடையில்லை. பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து டேப் ஒட்டியிருந்தால் வேண்டாம்.

2005 அக்டோபரில் சோனி தயாரித்த சில சிசிடி வகை சென்சார்களில் குறை வெளிப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் உள்ளிணைப்பு விட்டுப்போய், படம் கறுப்பாகவோ நிறம் சிதறியோ வரும். அந்த சென்சாரைப் பயன்படுத்திய கேனன், நிக்கான், ஃபியூஜி, ஒலிம்பஸ் என்று பல கம்பெனிகள் அப்போது இலவசமாகப் பழுது பார்த்தன. அந்தக் கால மாடலை வாங்குமுன், அப்படிப் பழுது பார்க்கப்பட்ட மாடல்களில் அதன் பெயரும் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

* * *

டிஎஸ்எல்ஆரோ, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸோ, ஷட்டரை நேரடியாகச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை, மெக்கானிக்கல் ஷட்டரில், கேமராவின் உச்ச வேகத்தில் எடுங்கள். 1/4000 அல்லது 1/8000. பத்து இருபது படம் தொடர்ச்சியாக. ட்யூப்லைட் வெளிச்சம் வேண்டாம், அதுவே பட்டை பட்டையாக வரும். பகல் வெளிச்சம் போதும். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால் ஷட்டரின் இலைகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஒரு ஓரம் மட்டும் இருண்டு வந்தாலோ, இருபதில் ஒன்றிரண்டு மட்டும் வெளிச்சம் மாறி வந்தாலோ, கவுண்ட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஷட்டர் தளர்ந்துவிட்டது.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். நிக்கானின் பல மாடல்கள் மெனுவில் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் மாற்ற வேண்டிய நேரம். கேனனில் மூன்று கட்டங்களாக வரும்.

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் பெட்டி கைக்கு வந்த அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. இத்தனை சோதனையும் ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும். படங்களை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். குறை இருந்து விற்பவரிடம் பேச வேண்டி வந்தால் அந்தக் கோப்புகளைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.