பாலே பயிற்சி: பாதம் விரிந்தால் போதுமா, தொடை திரும்ப வேண்டுமா?

ஏற்காட்டு மாணவி:
பெங்களூரில் இரண்டு ஆண்டுகள் பாலே என்னும் ஐரோப்பிய நடனம் கற்றபின் ஊர் திரும்பி, சேலத்தில் வெல்டிங் செய்து வாங்கிய எவர்சில்வர் குழாயை வராந்தாவில் பிடிகம்பியாகப் பொருத்தித் தனியாகப் பயிற்சி செய்கிறேன். குதிகால்களைச் சேர்த்து நிற்கும் முதல் நிலையில் பாதங்களை ஏறக்குறைய 150 டிகிரி விரிக்கிறேன். ஆனால் முழங்காலின் உட்புறம் வலிக்கிறது. ஒரு காலைத் தூக்கினால், ஊன்றிய காலின் பக்கமாக இடுப்பு தள்ளிக்கொண்டு போகிறது. விரிவைக் கூட்டுவதா, குறைப்பதா?

அழகாபுரம் நடன ஆசிரியை:
குறைக்க வேண்டாம். பல ஆண்டுகளாகப் பரதம் கற்பிக்கிறேன். முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கும் அரைமண்டியில் உட்காரத் தொடங்கும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் வலி என்றுதான் சொல்வார்கள். பாதத்தை உரிய இடத்தில் வைத்து நாள்தோறும் உட்கார்ந்தால் இடுப்பு வழிவிடும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நடன ஆசிரியர் பியேர் போஷாம் பாதங்களின் ஐந்து நிலைகளை வகுத்த நாளிலிருந்து பாலேவுக்கும் இந்த விரிவுதானே அடித்தளம்?

ஐந்து ரோடு இயன்முறை மருத்துவர்:
இதை நான் ஏற்கவில்லை, டீச்சர். போஷாம் காலத்து அரசவை நடனத்தில் இரு பாதங்களுக்கும் இடையே சுமார் 90 டிகிரிதான் இருந்தது. பாதங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் 180 டிகிரி என்பது பிறகு வளர்ந்த வழக்கம். தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் எவ்வளவு திரும்பும் என்பதை எலும்பின் அமைப்பும் மூட்டின் முன்புறமுள்ள தடித்த தசைநாரும் முடிவு செய்கின்றன. வளர்ந்தவருக்கு அந்த எலும்பை எந்தப் பயிற்சியும் மாற்றாது. முழங்காலை மடக்கிப் பாதத்தை விரித்து வைத்துவிட்டு நிமிரும்போது, தொடை திரும்பாமல் முழங்காலுக்குக் கீழே மட்டும் முறுக்கு விழுவதால்தான் உட்புறம் வலிக்கிறது. முதுகை வளைத்து இடுப்பை முன்னால் சாய்த்தால் அந்தத் தசைநார் தளர்ந்து சற்றுக் கூடுதலாகத் திரும்புவது போலத் தோன்றும். அந்த நிலையில் ஒற்றைக் காலில் உறுதியாக நிற்க முடியாது.

மாணவி இன்றே ஒன்று செய்து பார்க்கலாம். வழுவழுப்பான மொசைக் தரையில் சாக்ஸ் அணிந்து முதல் நிலையில் நில்லுங்கள். சொரசொரப்பான தரை பாதத்தைப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் விலகி, தொடை தானாகத் திருப்பும் அளவு மட்டும் நிற்கும். பிறகு குப்புறப் படுத்து, ஒரு முழங்காலைச் செங்குத்தாக மடக்கி, இடுப்பு தரையை விட்டு எழாமல் கணைக்காலை மற்றக் காலின் பக்கம் சாயவிட்டு, அந்தச் சாய்வை அளந்து எழுதுங்கள்.

அழகாபுரம் நடன ஆசிரியை:
முழங்கால் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன், சார். பிள்ளைகளிடம் முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று நானும் பார்ப்பதுண்டு. ஆனால் "உனக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டால், இருப்பதையும் பயன்படுத்தாமல் நிற்பவர்களே அதிகம். இதை எத்தனையோ பிள்ளைகளிடம் கண்டு வருந்தியிருக்கிறேன்.

ஏற்காட்டு மாணவி:
செய்து பார்த்தேன். படுத்த நிலையில் வலது 52 டிகிரி, இடது 46. சாக்ஸ் அணிந்து நின்றபோது இரண்டும் சேர்ந்து 75 கூட வரவில்லை. 150 என்று நான் நம்பியிருந்ததில் பாதி என் தொடையினுடையதே அல்ல.

ஐந்து ரோடு இயன்முறை மருத்துவர்:
இருப்பதையும் பயன்படுத்தாமல் நிற்பது பற்றி டீச்சர் சொன்னதுதான் இப்போது சரி. படுக்கையில் 98 இருந்தும் நிற்கையில் 75 கூட வரவில்லை என்றால், நடுவிலுள்ள இருபத்து மூன்றுக்கு மேற்பட்ட டிகிரியை எட்டும் வலிமை தசையில் இல்லை. பெரிய பிட்டத் தசைக்கு அடியிலுள்ள ஆறு சிறு தசைகளே முக்கியமாகத் தொடையை வெளிப்பக்கம் திருப்புகின்றன. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைப் பிரிக்காமல் மேல் முழங்காலை மட்டும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். இடுப்பு பின்னால் உருண்டால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊன்றிய பக்கம் இடுப்பு தள்ளுவதற்குப் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை தளர்ந்திருப்பதே காரணம். குழாயை இறுக்கிப் பிடிக்கும்வரை அதற்கு வேலையே இருக்காது; விரல்களை மேலே வைத்தால் போதும்.

அழகாபுரம் நடன ஆசிரியை:
ஏற்காட்டுக் குளிரில் எழுந்தவுடன் இதைத் தொடங்காதே, அம்மா. பத்து நிமிடம் நடந்து உடல் சூடானபின் செய். முதல் நிலையில் வலதையும் இடதின் அளவுக்கே வை. ஆனால் காலைத் தூக்கும்போது வலதின் முழுத் திருப்பத்தையும் கேள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.