பிரான்சன் மாதிரிக் காசு போடுறது: மருதமுனைக் கைத்தறிக்குச் சரிவருமா?

பாண்டிருப்பு_றோட் கேட்டது:
சம்மாந்துறையில அரிசி ஆலை நடத்துற குடும்பம் ஒன்று, மருதமுனையில கைத்தறி உடுப்புக் கம்பனி தொடங்குற மூன்று பொடியன்மாருக்குக் காசு போட யோசிக்குது. வேர்ஜின் கம்பனிகளின்ர முதலாளி ரிச்சர்ட் பிரான்சனைப் போல பெயரையும் காசையும் குடுத்திட்டு, நிர்வாகத்தை அவங்களிட்டயே விடுற எண்ணம். அந்த மனுசன் உண்மையில என்ன செய்தார்? எத்தனை வீதம் பங்கு கேக்கலாம்?

வாவிக்கரை:
1987ல பலூனில அத்திலாந்திக்கைத் தாண்டினதுதான் ஆக்களுக்கு ஞாபகம். காசு விசயத்தில ஆள் வேற. 1984ல வேர்ஜின் அட்லாண்டிக் விமானக் கம்பனியைத் தொடங்கேக்க ஒரே ஒரு 747 விமானத்தை வாடகைக்கு எடுத்து, சரிவராட்டி ஒரு வருசத்தில போயிங்குக்கே திருப்பிக் குடுக்கலாம் என்று எழுதி வாங்கினார். உச்ச நட்டம் எவ்வளவு என்று முதல் நாளே தெரியும்.

பிறகு பங்கை விற்கப் பழகினார். 1999 கடைசியில அட்லாண்டிக்கின்ர 49 வீதத்தை சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 60 கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டது. 2012ல சிங்கப்பூர் எயார்லைன்சால அதே பங்கை டெல்டாவுக்கு 36 கோடி டொலருக்குத்தான் குடுக்க முடிஞ்சுது. பெரிய பாடம் வேர்ஜின் அமெரிக்கா என்ற விமானக் கம்பனி. விமானக் கம்பனியில வெளிநாட்டாருக்கு வாக்குரிமை 25 வீதத்துக்கு மேல இல்லை என்பது அமெரிக்கச் சட்டம், அதனால பெயரை உரிமக் கட்டணத்துக்குக் குடுத்தார். அலாஸ்கா எயார் பிறகு அந்தக் கம்பனியை வாங்கி, 2019ல அந்தப் பெயரையே கைவிட்டிட்டுது. ஆனாலும் ஒப்பந்தப்படி வருசத்துக்குக் குறைஞ்சது 80 லட்சம் டொலர் 2039 வரை கட்டவேணும் என்று லண்டன் நீதிமன்றம் 2023ல தீர்த்தது.

கல்முனை_கணக்கு:
தம்பி, பெயர் குடுக்கிறதென்றால் முதல் வேலை வர்த்தகக் குறிப் பதிவு. உடுப்புக்கு 25ஆம் வகுப்பு, துணிக்கு 24. பதிவு குடும்பத்தின்ர பெயரில இருக்கட்டும். கம்பனிக்கு எழுத்தில உரிமம் மட்டும் குடுங்க. கம்பனியின்ர பெயரில பதிஞ்சால், பிரிவு வரேக்க பெயரும் அவங்களோட போகும்.

பங்கு 26 வீதத்துக்குக் குறையக் கூடாது. இலங்கையின்ர 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேணும். 26 இருந்தால், உங்களைக் கேட்காமல் அமைப்பு விதிகளை மாற்றவோ, சொத்தில பாதிக்கு மேல விற்கவோ ஏலாது. புதுப் பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரருக்குத்தான் முதல் உரிமை என்ற 53ஆம் பிரிவை, விதிகளில வெட்டாமல் வைச்சிருக்காங்களா என்று பாருங்க. வெட்டியிருந்தால் 26 ஒரு வருசத்தில 15 ஆகலாம். பங்கு தந்ததும் 20 வேலை நாளுக்குள்ள அதை அறிவிக்கிற படிவம் 6 கம்பனிப் பதிவாளருக்குப் போகவேணும். காசை வாங்கிட்டு இதை அனுப்பாமல் விடுறதுதான் இங்க பெரும்பாலும் நடக்கிற பிழை.

வாவிக்கரை:
கல்முனைக் காக்கா சொன்னதோட இன்னொன்று. காசை ஒரே தரத்தில குடுக்காதீங்க. முதல் தவணை நூலுக்கும் சாயத்துக்கும். மூன்று மாத விற்பனைக் கணக்கைப் பார்த்த பிறகு தறிக்கு. கடை வாடகை கடைசி. பெருநாளுக்கு முன்னம் கொழும்புக் கடைகளுக்குக் கடனில சாரன் போட்டால் கையிருப்பு முழுக்க அங்க மாட்டும். பெரும்போக அறுவடையில, மாசி பங்குனியில, ஆலைக்கே நெல் வாங்கக் காசு வேணும். அந்த மாதங்களில தவணை வைக்காதீங்க.

பாண்டிருப்பு_றோட்:
நன்றி. வங்கிக் கடனுக்கு ஆலைக் காணியை ஈடு வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா?

கல்முனை_கணக்கு:
வேண்டாம். 1984ல பிரான்சன் வழுக்கினதும் அங்கதான். விமானத்துக்கு நட்டத்தை மட்டுப்படுத்தினவர், வங்கியின்ர மேலதிகப்பற்றை (கணக்கில இருக்கிறதுக்கு மேல எடுக்கிற கடனை) தன்ர இசைக் கம்பனியில இருந்து பிரிக்கவில்லை. பரீட்சார்த்தப் பறப்பில பறவை மோதி எஞ்சின் போச்சு. காப்புறுதி இன்னும் தொடங்கவில்லை. முதல் பறப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்தவருக்கு, மேலதிகப்பற்று எல்லையைத் தாண்டினால் காசோலைகளைத் திருப்புவம் என்று வங்கி சொன்னது. நல்லா உழைச்சுக்கொண்டிருந்த இசைக் கம்பனியும் சேர்ந்து ஆடிப்போச்சு. வெளிநாட்டுக் கிளைகளில இருந்து அவசரமாகக் காசு எடுத்துத்தான் தப்பினார். ஆலைக்கும் தறிக்கும் வேற வேற வங்கிக் கணக்கு இருக்கட்டும். காணி உறுதியும் தனிப்பட்ட பிணையும் ரெண்டும் குடுக்காதீங்க. கடன் கட்டாயம் வேணுமென்றால் தறியையும் சரக்கையும் ஈடு வைச்சு, அந்தக் கம்பனியே எடுக்கட்டும்.