கைதவறி உடைந்தவை: உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

வெள்ளவத்தை வாசி எழுதியது:

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்திய கிழமை, காலி வீதிக் கடையொன்றில் ஆறு கண்ணாடித் தம்ளர்கள் வாங்கினோம். சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தவர்களுக்குச் சர்பத் கொடுக்கப் பார்த்தபோது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்ற ஐந்தையும் உடைத்தவன் நான். இதில் எனக்குப் புதுமை ஒன்றுமில்லை. கதவு நிலையில் தோளை இடிப்பதும், படிக்கட்டின் கடைசிப் படியை இல்லாத இடத்தில் தேடுவதும், தேநீரை உதட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் சட்டைக்குக் கொடுப்பதும் சிறு வயதிலிருந்தே என்னோடு வருபவை. "உன்ர கையில என்ன ஓட்டையே?" என்று அம்மா கேட்பார். மனைவி அதையே கொஞ்சம் மரியாதையாக, "உங்களுக்குக் கவனயீனம்" என்கிறார்.

நான் கணக்காய்வு வேலை செய்பவன். நாள் முழுவதும் பிறர் எழுதிய எண்களில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன். அந்த அவதானம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுகிறதா என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி. ஆகவே தொழிற்புத்தியோடு ஒரு கொப்பி வாங்கி, வைகாசி தொடக்கம் மூன்று மாதங்களுக்கு, விழுந்தது, இடித்தது, சிந்தியது அனைத்தையும் நேரம், இடம், கையில் வேறு என்ன இருந்தது என்ற விபரங்களோடு குறித்துவந்தேன். மொத்தம் 41. அவற்றுள் 26 மாலை ஆறு மணிக்குப் பிறகு நடந்தவை. ஒன்பது தடவை சாப்பாட்டு மேசையின் ஒரே மூலையில் ஒரே இடுப்பு. பெரும்பாலானவற்றில் இரண்டாவது கையில் தொலைபேசியோ சாவிக் கொத்தோ இருந்தது.

மாலைக் கணக்குக்கு விளக்கம் கிடைத்தது. காலை நாலரைக்கு எழும்புகிறேன். இரவு ஒன்பதரையாகும்போது பதினேழு மணித்தியாலம் விழித்திருக்கிறேன். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இணைந்து செயற்படும் திறன், இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் திறனளவுக்கு இறங்கிவிடுவதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997 இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு துளியும் தொடாமல் அந்த நிலையில் நான் குசினிக்குள் பாத்திரம் கழுவுகிறேன்.

தம்ளர்களின் கதை வேறு. ஒரு பொருளைத் தூக்கும்போது அது வழுக்காமலிருக்கத் தேவையான இறுக்கத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் விரல்கள் பிடிக்கின்றன. பொருள் மயிரிழையளவு நழுவத் தொடங்கினால், விரல் நுனித் தோல் அதை உணர்ந்து, வினாடியின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், நாம் நினைப்பதற்கு முன்பே பிடி இறுகிவிடுகிறது. அந்தக் கூடுதல் பிடி எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கொழும்புப் புழுக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தம்ளரின் வெளிப்புறத்தில் அரை நிமிடத்தில் முத்து முத்தாக நீர் கோத்துவிடும். எடுக்கும்போது உலர்ந்திருந்ததென்று கை கணக்குப் போட்ட அதே தம்ளர், மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் வழுக்குப் பொருளாகிவிடுகிறது. என் ஐந்தில் மூன்று இப்படிப் போனவை.

இன்னொன்றை நான் புரிந்துகொண்டது 2022 இல். பங்குனி மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இருட்டில் மனைவி அலுமாரியைத் திறந்து, தீப்பெட்டியை எடுத்து, மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு வருவார். அதற்குள் நான் இரண்டு கதிரைகளில் மோதியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டும் மூக்கு நுனியைத் தொட முடிவது, தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணிய உணர்வுறுப்புகள் கைகால் எங்கே இருக்கிறதென்று இடைவிடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான். உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906 இல் அதற்கு புரோப்ரியோசெப்ஷன் என்று பெயரிட்டார். இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயர் 1971 இல், தமது பத்தொன்பதாம் வயதில், ஒரு நோய்க்குப் பின் கழுத்துக்குக் கீழே இந்த உணர்வை முழுவதும் இழந்தார். ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே நடக்கப் பழகிய அவர், விளக்கை அணைத்தால் நிலைகுலைந்து விழுந்துவிடுவார். நான் அந்த நிலையில் இல்லை. ஆனால் இந்த உணர்வு பார்வையைப் போலவே ஆளுக்காள் கூர்மை வேறுபடுவது. என்னுடையது கொஞ்சம் மங்கல், அதைக் கண்ணால் ஈடுசெய்து வந்திருக்கிறேன் என்று அந்தப் பங்குனி காட்டியது.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதறாதே என்று பக்கத்தில் நின்று சொல்லும்போதுதான் என் கை அதிகம் பதறுகிறது. உங்கள் அனுபவம் என்ன?

கொட்டாஞ்சேனைத் தாய் எழுதியது:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பதின்மூன்று வயதில் ஒரே ஆண்டில் வளர்ந்தபோது எட்டு மாதமளவில் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிந்தாள். நீண்டுவிட்ட கைகால்களுக்கு மூளையின் பழைய கணக்குப் பொருந்தவில்லை. தானாகச் சரியாகிவிட்டது.

இளையவன் அப்படியல்ல. நான்காம் தரத்திலும் சப்பாத்து நாடா கட்ட வராது. வெள்ளைச் சட்டையின் மேற்பொத்தானைப் போட முயன்று, பாடசாலை வான் கீழே ஹோர்ன் அடிக்கும்போது அழுவான். சோற்றைப் பிசைந்து எடுத்தால் வாய்க்குப் போவது பாதி, மடியில் பாதி. வாசிப்பிலும் கணக்கிலும் முன்னுக்கு நிற்கும் பிள்ளை, எழுத்து மாத்திரம் கோழி கிண்டியது போல் இருக்கும். சோம்பேறி என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதி அனுப்பினார்கள். நானும் அடித்திருக்கிறேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பின்னர் சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவர் அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, மணிகளை நூலில் கோக்கச் சொல்லி, பந்தை எறிந்து பார்த்து, இது வளர்ச்சியோடு வரவேண்டிய அசைவு ஒருங்கிணைவு தாமதிக்கும் நிலை என்றார். பாடசாலை வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேருக்கு இது உண்டென்றும், பெண்களைவிட ஆண் பிள்ளைகளில் அதிகம் காணப்படுகிறதென்றும், புத்திக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், பலருக்கு வளர்ந்த பின்பும் ஓரளவு தொடருமென்றும் விளக்கினார். தலையின் பின்புறத்தில் இருக்கும் சிறுமூளை எடையில் மூளையின் பத்திலொரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்புக் கலங்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கின்றனவாம். அசைவின் விளைவை முன்கூட்டியே ஊகித்து, பிழைத்ததைத் திருத்தி, அடுத்த தடவைக்கு நினைவில் வைப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. என் மகனுக்கு அந்தத் திருத்தம் மெதுவாகப் பதிகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

தொழில்வழிச் சிகிச்சையாளர் முதல் நாளே, "உனக்கு எதைச் செய்ய விருப்பம்?" என்று அவனிடம் கேட்டார். சப்பாத்து நாடா என்று நான் எதிர்பார்த்திருக்க, அவன் பந்து பிடிக்க வேண்டும் என்றான். ஒழுங்கைக் கிரிக்கெட்டில் கடைசியாக எடுக்கப்படும் பிள்ளை அவன். பலூனில் தொடங்கினார்கள், அது ஆறுதலாக இறங்குமென்பதால். பிறகு கடற்கரையில் விற்கும் பெரிய காற்றுப் பந்து, அதன் பின் டெனிஸ் பந்து. ஒவ்வொன்றுக்கும் வாரக் கணக்கு. இப்போது எறிகிற மூன்றில் ஒன்றைப் பிடிக்கிறான். நாடாவுக்குப் பதில் ஒட்டும் பட்டி வைத்த சப்பாத்து வாங்கிவிட்டேன். அந்தச் சண்டையை இன்னும் ஒரு வருடத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

நொட்டாங்கைக்காரன் எழுதியது:

என்னுடையது சுருக்கமான கதை. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர்; மீதி ஒன்பது பேருக்காகவே கத்தரிக்கோலும், பக்கவாட்டில் மூக்கு வைத்த அகப்பையும், மேசையில் பூட்டிச் சுழற்றும் தேங்காய்த் துருவியும் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டும் என்னைப் பார்ப்பவர்களுக்கு நான் தடுமாறி. எவருக்கும் எதையும் இடக்கையால் கொடுப்பது மரியாதையல்ல என்பதால், கோயிலில் பிரசாதத் தட்டையும் கலியாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தையும் பலவீனமான கையால் நீட்ட வேண்டியிருக்கிறது. சென்ற ஆவணியில் மைத்துனியின் திருமணத்தில் பன்னீர்ச் செம்பு மாப்பிள்ளையின் மாமா மடியில் கவிழ்ந்தது அப்படித்தான். சித்திரமும் கைப்பழக்கம் என்பது உண்மையென்றால், பழக்கமில்லாத கையிடம் சித்திரம் கேட்கக்கூடாதல்லவா?

இரத்மலானை பாதுகாப்பு அலுவலர் எழுதியது:

ஆடைத் தொழிற்சாலையொன்றில் விபத்துப் பதிவேட்டைப் பராமரிப்பவன் என்ற முறையில் ஓர் இடைக்குறிப்பு. முதல் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் விபத்துகளை கிரீன்வூட், வூட்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1919 இல் எழுதினார்கள். ஒரு சிலருக்கே திரும்பத் திரும்ப விபத்து நேர்ந்ததை அவர்கள் கண்டார்கள். அதிலிருந்து விபத்துக்கு ஆளாகும் பிறவிக் குணம் என்றொரு கருத்து வளர்ந்து, முகாமையாளர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. இயந்திரத்தைத் திருத்துவதைவிட ஆளை நிறுத்துவது மலிவு அல்லவா. ஆனால் முற்றத்தில் நூறு ஓடுகளைப் பரப்பி மழைத்துளிகளை எண்ணிப் பாருங்கள். எந்த ஓட்டிலும் எந்தக் குணமும் இல்லாமலே சிலவற்றில் மூன்று நான்கு விழும், சிலவற்றில் ஒன்றும் விழாது. ஒருவரைத் தடுமாறி என்று தீர்மானிக்குமுன் இந்தத் தற்செயலைக் கழிக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் ஒரே பெண்ணின் விரல் மூன்று முறை ஊசியில் பட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அவருடைய மேசை விளக்கு எரியவில்லை. கணக்காய்வாளர் அண்ணா, உங்கள் கொப்பியில் 41 இல் ஒன்பது ஒரே மூலை என்பது உங்களைப் பற்றிய குறிப்பா, மேசையைப் பற்றியதா?

தெஹிவளை ஓய்வாளர் எழுதியது:

பிறவியிலேயே கைதவறுபவர்களின் கதைகளை ரசித்து வாசித்தேன். நான் அறுபத்தாறு வயது வரை ஒரு கோப்பையையும் உடைத்தவனல்ல. ஆதலால் இதை எழுதுகிறேன்.

முதலில் செருப்பு. பூங்காவுக்கு நடக்கப் போய் வீடு திரும்பியபோது இடக்காலில் செருப்பில்லை என்பதை மகள்தான் சொன்னாள். எங்கே கழன்றதென்று பாதம் எனக்குச் சொல்லவில்லை. பிறகு பொத்தான்கள். பிறகு ஒருநாள் காலை, முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியதும் குளியலறை சாய்ந்தது போலாகி, தொட்டி விளிம்பைப் பிடித்தபடி முழந்தாளில் விழுந்தேன். கண் திறந்திருக்கும்போது ஒன்றுமில்லை. வயதாகிறது, ஆறுதலாக நடவுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வைத்தியர் என்னைப் பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். மூன்று எண்ணுவதற்குள் ஆடிச் சாய்ந்த என்னை அவரே பிடித்துக்கொண்டார். பாதங்களிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்து, கண்ணை ஊன்றுகோலாக வைத்தே நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். வெள்ளவத்தை ஐயா எழுதிய அந்த ஆங்கிலேயரின் கதையில் ஒரு சிறு பங்கு. பதினைந்து வருட நீரிழிவும், அதற்காக எடுத்த மெட்ஃபோர்மினும் காரணமாயிருக்கலாம் என்றார். நீண்ட காலம் எடுக்கும்போது அந்த மாத்திரை விற்றமின் பி12 ஐக் குறைக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியாது. இரத்தத்தில் பார்த்தால் உண்மையிலேயே குறைவு. ஊசிகள் போட்டு ஏழு மாதமாகிறது. பொத்தான் போட முடிகிறது. குளியலறையில் இன்னமும் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்கிறேன். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, வைத்தியரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒன்றை மாத்திரம் வலியுறுத்துகிறேன். நேற்று வரை ஒழுங்காயிருந்த கை இன்று பொருட்களைக் கைவிட்டால், அது நீங்கள் பேசும் தடுமாற்றம் அல்ல. அதிலும் ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று பலமிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் பக்கவாதமாயிருக்கலாம். உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

வெள்ளவத்தை வாசி மறுமொழி:

ஓய்வாளர் ஐயாவின் பதிவை வாசித்த இரவே முகங்கழுவும் தொட்டியருகே பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நின்றேன். மனைவி பக்கத்தில் நின்று முப்பது எண்ணினார். கொஞ்சம் ஆடினேன், விழவில்லை. ஆனாலும் நாற்பத்தெட்டு வயது என்பதால் அடுத்த இரத்தப் பரிசோதனையில் பி12 ஐயும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கொட்டாஞ்சேனை அம்மா, உங்கள் மகன் நாலாவது மாதத்திலும் பலூனோடு நின்றானா, பந்துக்கு மாறிவிட்டானா என்று எழுத முடியுமா? என் அக்காவின் பையனுக்கு அதே வயது, அதே எழுத்து.

இரத்மலானைத் தம்பியின் கேள்விக்கு விடை: மேசை. அளந்து பார்த்தபோது அந்த மூலைக்கும் சுவருக்கும் இடையே பதினாறு அங்குலம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேசையை மற்றச் சுவரோடு தள்ளிப் போட்டோம். இரண்டு கிழமையாக அங்கே ஓர் இடியும் இல்லை. ஆனால் குசினிக்குப் போகும்போது, மேசை இல்லாத அந்த வெற்றிடத்தில் என் இடுப்பு இன்னும் வளைந்து வளைந்துதான் போகிறது.