மறுமொழி: ஆட்டோ டிரான்ஸ்பார்மருக்குத் ‘தற்சுருள்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தொழிற்பயிற்சிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற ஒரு சொல்லால் நிற்கிறது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சி.என்.சி. லேத்துகள் (கணினி இயக்கும் கடைசல் எந்திரங்கள்) பெரும்பாலும் 200 அல்லது 220 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. நம் பட்டறைக்கு வருவதோ 415 வோல்ட். அழுத்தத்தைக் (வோல்ட்டேஜை) குறைக்க இடையில் வைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரை ‘இறக்கு மின்மாற்றி’ என்றால் போதாது. உள்வரும் பக்கத்துக்கும் வெளிவரும் பக்கத்துக்கும் தனித்தனிச் சுருள்கள் கொண்டதும் அதே பெயரில்தான் வழங்குகிறது. முதல் மடலில் வந்த ‘தானியங்கி மின்மாற்றி’யோ தவறு, மாணவர் அதை ஸ்டெபிலைசர் என்று எண்ணிவிடுவார்.

*

ஐயா, ‘ஆட்டோ’வுக்கு ஈடான ‘தன்’ முன் ‘சுருள்’ வர, னகரம் றகரமாகித் ‘தற்சுருள்’ ஆகும். தற்செயல், தற்சார்பு என்பவற்றைப் பாருங்கள். சுரிகுழல், சுரிசங்கு ஆகியவற்றின் ‘சுரி’யை எடுத்துச் ‘சுரிமாற்றி’ என்றே சுருக்கிவிடலாம் என்பது என் நெடுநாள் ஆசை. மேலும், ‘மின்மாற்றி’யைவிட இலங்கைப் பாடநூல்களின் ‘நிலைமாற்றி’ செம்மையானது. மாறுவது அழுத்த நிலையே அன்றி மின்சாரம் அன்று.

*

நன்றி ஐயா. சந்தியில் குறையில்லை, ஆனால் ‘தற்சுருள்’ என்றதும் தானே சுருண்டுகொள்ளும் வாழைக்குருத்துதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘ஒற்றைச்சுருள்’ என்று அம்மையார் ஒருவர் எழுதியதும் பொருந்தவில்லை: மூடியைத் திறந்தால் முனைக்கு ஒன்றாக மூன்று சுருள்கள் தெரியும். உள்வருகையும் வெளிச்செலவும் சுருளின் ஒரு பகுதியைப் பங்கிட்டுக்கொள்வதுதான் இதன் தனித்தன்மை. 10 கிலோ வோல்ட்-ஆம்பியர் சுமைக்கு 415 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 14 ஆம்பியரும், 220 வோல்ட் பக்கம் 26 ஆம்பியரும் ஓடும்போது, அந்தப் பொதுப் பகுதியில் இவற்றின் வேறுபாடான 12 ஆம்பியரே ஓடுகிறது. செம்பும் விலையும் குறைவது அதனால்தான். அதே பகுதி அறுந்தால் உள்வரும் அழுத்தம் முழுவதுமே லேத்தின் மீது ஏறக்கூடும். இரு பக்கமும் கம்பியால் இணைந்திருப்பதால் மின்பிரிப்பும் (ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு மின்தொடர்பின்றி வைப்பது) இல்லை. இந்த ஆபத்தைப் பெயரே சொல்ல வேண்டுமென்பதால் ‘பொதுச்சுருள் மின்மாற்றி’ என்று வைக்கிறேன். ‘நிலைமாற்றி’ அழகுதான், ஆனால் எங்கள் மாணவர் பள்ளியில் படித்து வந்தது மின்மாற்றியையே.

*

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘பொதுச்சுருள்’ என்றால் மூன்று முனைகளுக்கும் சேர்த்து ஒரே சுருள் என்று ஒருவர் படிக்கமாட்டாரா? என் வாக்கு தற்சுருளுக்கே.

*

அந்த ஐயத்துக்கு இடமுண்டு. படத்தின் கீழ் ஒரு வரி சேர்த்துவிட்டேன். பட்டறையில் வழங்கும் ‘ஆட்டோ டிரான்ஸ்பார்மர்’ என்ற பெயரும் அருகிலேயே இருக்கும். கடையில் கேட்டு வாங்க அதுதான் உதவும்.